மச்சான் பிடித்த கயிறு

எங்கள் கடற்கரையில், மூழ்கிச் சங்கு எடுக்கிறவனுடைய கயிற்றை அவன் மனைவியின் உடன்பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும். முத்துக் குளித்த காலத்திலும் அதுதான் வழக்கம். அப்பன் பிடிக்கக் கூடாது, அவனுக்கு வேறு பிள்ளைகள் உண்டு. தம்பி பிடிக்கக் கூடாது, அவனுக்குச் சொத்தில் பங்கு உண்டு. சிநேகிதன் பிடித்தால் நடுவில் பீடி பற்றவைப்பான். மச்சானுக்கு மட்டும்தான் கை தளராது. கீழே போனவன் மேலே வராவிட்டால் தாலி அறுத்துத் தன் வீட்டுக்கு வந்து உட்காரப் போகிறவள் தன் தங்கை. அந்த ஒரு பயத்தை நம்பித்தான் எங்கள் ஆண்கள் பத்துப் பாகம் ஆழத்துக்குப் போனார்கள், வந்தார்கள்.

என் கணவர் சங்கு குளிப்பவர். அவர் கயிற்றை என் அண்ணன் பிடித்தான். எனக்கு ஒரே அண்ணன். என்னைப் பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளை வீட்டார் முதலில் என்னைப் பார்க்கவில்லை. "பொண்ணுக்கு அண்ணன் உண்டும்லா, கையி எப்படி?" என்று கேட்டார்கள். அண்ணன் இரண்டு உள்ளங்கையையும் விரித்து நீட்டினான். வந்தவர்களில் மூத்தவர் பெருவிரலால் அழுத்திப் பார்த்தார். காய்ப்பு ஏறி மரம் மாதிரி இருந்தது. தலையசைத்தார். அப்படித்தான் எனக்குக் கல்யாணம் ஆனது, அண்ணன் கையைப் பார்த்து.

கயிற்றுக்கு ஒரே பேச்சுதான். கீழேயிருந்து ஓர் இழுப்பு வந்தால் தூக்கு. ஏன் என்று கேட்காதே. இன்னொன்று வரட்டும் என்று காத்திருக்காதே. மேலே இருப்பவன் யோசிக்கிற நேரம் கீழே இருப்பவன் மூச்சிலிருந்து கழிகிறது. கடலில் அண்ணன் யோசித்ததே இல்லை. கடலில் அது சரி. தண்ணீருக்குள் அந்தக் கயிற்றை இழுக்கக்கூடியவன் ஒருவன்தான் இருக்கிறான்.

கரையில் அப்படி இல்லை. அதை நாங்கள் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

அது சண்டைக் காலம். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பயந்து ஊரில் பாதிப் பேர் மூட்டை கட்டி உள்நாட்டுக்குப் போய்விட்டு, குண்டு விழாததால் கொஞ்சம் வெட்கத்தோடு திரும்பி வந்திருந்தார்கள். கப்பல்கள் குறைந்துவிட்டன. தோணிகள் கரையில் ஒருக்களித்துக் கிடந்தன. ஏற்றிப்போக ஆளில்லாத பஞ்சுப் பொதிகள் கிட்டங்கி என்கிற சரக்கு அறைகளில் கூரை வரைக்கும் ஏறி நின்றன. ஒரு கிட்டங்கியின் மேனேஜர் தீயணைக்க எட்டுப் பேரைச் சேர்த்தார். மணல் வாளி, கைப்பம்பு, ஆளுக்கொரு தகரத் தொப்பி. கச்சான் காற்று அடித்துக் கடல் கலங்கிக் கிடக்கும் மாதங்களில் சங்கு குளிக்க முடியாது. அந்த மாதங்களில் சும்மா இருக்கும் எங்கள் ஆட்களைத்தான் அவர் கூப்பிட்டார். "ரெண்டு நிமிஷம் மூச்சை அடக்குறவனுக்குப் புகை என்ன செய்யும்?" என்றார். எல்லாருக்கும் அது பெரிய புத்தியாகப் பட்டது. எனக்கும் பட்டது.

எங்கள் ஆட்கள் மூச்சோடு வழக்கத்தையும் கொண்டுபோனார்கள். இடுப்பில் கயிறு இல்லாமல் புகைக்குள் நுழைய மாட்டோம் என்றார்கள். ஆகவே எட்டுப் பேரில் நான்கு பேர் உள்ளே போகிறவர்கள், நான்கு பேர் வாசலில் நிற்கிற மச்சான்மார். மேனேஜர் முதலில் சிரித்தார். பிறகு அவருக்கும் அது பிடித்துவிட்டது.

சின்னச் சின்னத் தீ. பீடித் துண்டில் பிடித்தது, சாக்கில் பிடித்தது. என் கணவர் உள்ளே போவார், வருவார், கரிய எச்சிலைத் துப்பிவிட்டுச் சிரிப்பார். "கடல்ல சுறாவாவது உண்டு. இங்கன என்னளா உண்டு, பஞ்சுதானே?"

பஞ்சுதான்.

ஆடி மாதம், நல்ல பகல். கிட்டங்கி மணி அடித்தது. எல்லா வீட்டுப் பெண்களும் ஓடினோம். கடலுக்குப் போகும் தோணியில் எங்களை ஏற்ற மாட்டார்கள். தீட்டு, குற்றம் என்று ஏதேதோ சொல்லுவார்கள். கரையில் தடுக்க யாரும் இல்லை. மச்சான் கயிறு பிடிக்கும் இடத்தில் அவன் தங்கை நிற்கக் கூடாது என்ற ஒரு புத்தி அந்தப் பழைய தடைக்குள் ஒளிந்திருந்தது என்று எனக்கு விளங்கியபோது காரியம் முடிந்திருந்தது.

கிட்டங்கியின் பின்கோடியில் மூன்று பெண்கள் கழிவுப் பஞ்சு பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். தீ முன்பக்கம். என் கணவர் ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டு போனார், ஒருத்தியைக் கொண்டுவந்தார். மறுபடி போனார், இன்னொருத்தி. அவள் இருமி இருமி மண்ணில் புரண்டாள். மூன்றாவது முறை போனபோது நான் அண்ணனுக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டேன். கயிறு அண்ணன் கையிலிருந்து புறப்பட்டு, வாசலைத் தாண்டி, இரண்டு பொதி அடுக்குகளுக்கு நடுவே வளைந்து, புகைக்குள் போய் இல்லாமல் ஆனது. பொதிகளைச் சுற்றி இரும்புப் பட்டை கட்டியிருப்பார்கள். அதில் உரசினால் கயிறு துடிக்கும்.

துடித்தது.

"அண்ணா, இழு" என்றேன்.

"பொறுளா. இது மச்சான் இழுப்பு இல்ல."

அவன் விரலுக்குத் தெரியும். எட்டு வருஷம் அந்த விரலால் அவரைத் தூக்கியவன். கயிறு மறுபடி துடித்தது. நான் அவன் தோளைப் பிடித்து உலுக்கினேன். "நான் தாலியறுக்கணுமாண்ணா? இழு. இழு."

இழுத்தான். கடலில் இழுப்பது போலவே, முழுப் பலத்தோடு, யோசிக்காமல். புகையிலிருந்து என் கணவர் மல்லாந்தபடி வந்தார், கரைவலையில் வந்த மீன் மாதிரி தரையில் உரசிக்கொண்டு. வலது கை மட்டும் தலைக்கு மேலே பின்னோக்கி நீண்டிருந்தது, உள்ளே யாரோ அதைப் பிடித்துக்கொண்டிருப்பது போல. யாரும் இல்லை. அவர் எழுந்து திரும்பி ஓடப் பார்த்தபோது பொதி அடுக்கு சரிந்து வாசல் அடைத்துக்கொண்டது.

இழு என்று நான் கத்தியது தீயின் சத்தத்தில் அண்ணனைத் தவிர யாருக்கும் கேட்கவில்லை.

"ஏன் மச்சான் இழுத்தே?" என்று கேட்டார் அவர். கோபமாகக் கேட்கவில்லை, வழி கேட்பது போலக் கேட்டார். "பிடிச்சிருந்தேன் மச்சான். அந்தப் புள்ள கையைப் பிடிச்சிருந்தேன். நான் இழுக்கலயே."

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

"இழுப்பு வந்துச்சு மச்சான்" என்றான்.

அந்த வலது கையை அப்போது மூடியவர்தான், திறக்கவில்லை. மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர் தட்டிப் பார்த்தார், ஊசியால் குத்திப் பார்த்தார், எலும்பு நன்றாக இருக்கிறது, நரம்பு நன்றாக இருக்கிறது, திறக்க மனமில்லை என்றார். நகம் வளர்ந்து உள்ளங்கைக்குள் இறங்கியது. நான் தேங்காய் எண்ணெயைத் துணியில் நனைத்து விரலிடுக்கில் செருகுவேன். அழுகின மீன் வாடை வரும். இடது கையால் சாப்பிட்டார். ஐப்பசி கழிந்தால் சங்கு குளி தொடங்கிவிடும். மூடின கையை வைத்துக்கொண்டு கடலடியில் எதைப் பொறுக்குவது? கை திறக்குமா என்ற ஒரே கேள்வியில் எங்கள் வீடு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

கிட்டங்கியில் அவருக்கு மரியாதை செய்தார்கள். எரிந்த சுவருக்கு முன்னால் பெஞ்சு போட்டு, இங்கிலீஷில் எழுதிய தாளை மேனேஜர் வாசித்தார். பிறகு தமிழில், "மூணுல ரெண்டு. வேற யாரு செஞ்சிருப்பா?" என்றார். மாலையைக் கையில் வாங்கக் கொடுத்தபோது என் கணவர் முஷ்டியை நீட்டினார். மாலை முஷ்டியில் தொங்கியது. கூட்டத்தில் ஒருவன், "குத்திருவாரு போலுக்கே" என்றான். சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

அந்தக் கேடு கையோடு போகவில்லை. கதவு வைத்த எந்த இடத்துக்குள்ளும் அவரால் நுழைய முடியவில்லை. வாசல்படி வரைக்கும் வருவார், நிற்பார், நெற்றியில் வேர்க்கும், திரும்பிவிடுவார். முற்றத்துப் பூவரச மரத்தடியில் சாப்பாடு, அங்கேயே உறக்கம். மாதா கோவிலில் பூசை நடக்கும்போது வெளியே வெயிலில் நின்று கேட்டார். ஊர்ப் பெண்கள் என்னிடம், "உள்ள விட மாட்டேங்கியா?" என்று விசாரித்தார்கள், கண்ணில் சிரிப்பை வைத்துக்கொண்டு.

அண்ணன்தான் வழி கண்டுபிடித்தான். ஒருநாள் காலையில் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான், அந்தப் பழைய நார்க் கயிறு. அவர் இடுப்பில் கட்டி, மறு நுனியைத் தன் கையில் சுற்றிக்கொண்டு வாசலில் நின்றான். "போங்க மச்சான். நான் இங்கன நிக்கேன்." அவர் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார். பிறகு வீட்டுக்குள் போனார். அடுப்படி வரைக்கும் போய், குடத்துத் தண்ணீரை மொண்டு குடித்துவிட்டு வந்தார். என் கணவர் தன் வீட்டுக்குள் நடந்து போனதைப் பார்த்து நான் முந்தானையைக் கடித்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து அண்ணனுக்கு அதுதான் வேலை. விடிந்ததும் வருவான், விளக்கு வைக்கும்போது போவான். கயிறு கட்டினால் அவர் எங்கும் போவார். கோவிலுக்குள், கடைக்குள், முடிவெட்டும் இடத்துக்குள். முன்னால் அவர், ஆறு முழம் பின்னால் அண்ணன், நடுவில் கயிறு. காப்பிக் கடை பெஞ்சில் இருந்து சத்தம் வரும்.

"ஏலே, மாட்டை எங்க பத்திட்டுப் போற?"

"சந்தைக்குத்தான் அண்ணாச்சி. நீங்களும் வாரியளா, சோடி சேத்துக் கெட்டிருதேன்."

பெஞ்சு சிரிக்கும். அண்ணனும் சிரிப்பான். என் கணவர் கயிறு இறுகுகிறதா என்று மட்டும் இடுப்பைத் தடவிப் பார்த்துக்கொள்வார். அப்போது அண்ணனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தோம். பேச்சு முடிகிற நிலையில் இருந்த ஒரு வீட்டார், கயிறு பிடித்துத் தெருவில் நடக்கிறவனுக்கு எப்படிக் கொடுப்பது என்று விட்டுவிட்டார்கள். அவன் உள்ளங்கையில் அன்று இழுத்தபோது தோல் உரிந்த இடம் ஆறாமல் இருந்தது. கயிறு தினமும் அதே இடத்தில் உரசியது. எண்ணெய்த் துணி என் கையில்தான் இருந்தது. ஒருநாளும் நான் அவனிடம் கையைக் காட்டு என்று கேட்கவில்லை.

ஒரு மாதம் கழிந்திருக்கும். பனங்காட்டுப் பக்கத்திலிருந்து ஒரு கிழவி வந்தாள். சின்ன உருவம், ஓலைப் பெட்டி இடுக்கியிருந்தாள். "தீக்குள்ள போனவரு வீடு இதுதானா தாயி?" தீக்குள் மாண்ட மூன்றாவது பெண்ணின் தாய். என் கணவரும் அண்ணனும் கொல்லையில் இருந்தார்கள். நான் வாசலை விட்டு நகராமல் நின்றேன்.

"கையைப் பிடிச்சாராமே. எல்லாவனும் சொல்லுதான். பிடிச்ச கை பெறகு எப்படி விட்டுச்சு? யாரு விட்டது? எனக்கு அத மட்டும் சொல்லு. தெரிஞ்சா ஒறங்கிருவேன்."

கயிறு இழுத்தது என்று சொல்லலாம். சொன்னால் யார் இழுத்தது என்று கேட்பாள். அப்புறம் ஏன் இழுத்தான் என்று கேட்பாள். கேள்விகள் வரிசையாக வந்து கடைசியில் எங்கே நிற்கும் என்று எனக்குத் தெரிந்தது.

"உங்க மகதான் விட்டா" என்றேன். அது போதாது என்று பட்டதால், "மூச்சு முட்டி, அவளாவே கையை உதறிட்டாளாம்" என்றும் சொன்னேன்.

கிழவி யோசித்தாள். "அவ விடமாட்டாளே" என்றாள். "சின்னதுல கெணத்துல விழுந்துட்டா. கயித்தைப் போட்டோம். பிடிச்சவ மேல வந்த பெறகும் விடல. ஒவ்வொரு விரலாப் பிரிச்சு எடுத்தோம்."

"தீயில என்ன தெரியும் ஆச்சி."

"அதுஞ் செரிதான்" என்று சொல்லிவிட்டுப் போனாள். உறங்கவில்லை போலிருக்கிறது. வாரத்துக்கு ஒருநாள் வந்து எதிர்ச் சுவரோரம் நிற்க ஆரம்பித்தாள். கூப்பிட மாட்டாள், கேட்க மாட்டாள். நான் வாசல் தெளிக்கும்போது தண்ணீரைக் கொஞ்சம் வீசி, அவள் காலில் படும்படி தெளிப்பேன். காலை மாற்றி வைத்துக்கொண்டு நிற்பாள்.

"யாரளா அங்கன நிக்கது?" என்று கேட்டார் என் கணவர்.

"பனங்கெழங்கு விக்கிறவ."

அண்ணன் மட்டும் ஒருநாள் மெதுவாகச் சொன்னான். "ஏளா, அது யாருன்னு மச்சானுக்குத் தெரியணும். அவர் அந்தக் கெழவிட்டப் பேசினாத்தான் கை தொறக்கும்."

"பேசினா எல்லாம் தொறக்கும். உனக்கு அது வேணுமா?"

எனக்காகப் பொய் சொன்னவனை நான் பயமுறுத்திக்கொண்டிருந்தேன். அவன் கயிற்றுப் பிரியை நகத்தால் நெருடிக்கொண்டிருந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வெயில் ஏறும் நேரம். அவர் முன்னால், அண்ணன் கயிற்றோடு பின்னால், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நான். தெருமுனையில் கிழவி வழியை மறித்து நின்றாள். என்னைத் தாண்டி அவரைப் பார்த்தாள்.

"நீதானா அது?"

அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முகச்சாடை இருந்திருக்கும். "ஆமா ஆச்சி" என்றார்.

"எம் மகதான் கையை விட்டாளாம். உதறிட்டாளாம். உம் பொஞ்சாதி சொன்னா. அத உன் வாயால சொல்லு, கேட்டுட்டுப் போறேன்."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். அத்தனை வருஷத்தில் அவர் என்னை அப்படிப் பார்த்தது அந்த ஒருமுறைதான். பிறகு கிழவியிடம், "எனக்குச் சொல்லத் தெரியல ஆச்சி" என்றார்.

"சொல்லத் தெரியலன்னா செஞ்சு காட்டு. கையைக் குடு."

முஷ்டியை நீட்டினார். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஒரு கொப்பளம் இல்லயே" என்றாள். பிறகு கதவைத் தட்டுவது போல விரல்முட்டியால் அதன்மேல் இரண்டு தட்டுத் தட்டினாள்.

திறந்தது. எண்ணெய்த் துணி கீழே விழுந்தது. உள்ளங்கை வெளுத்து, ஈரமாக, நான்கு நகங்களின் குழியோடு, தண்ணீரில் ஊறின பிணத்தின் கை மாதிரி இருந்தது. கிழவி அருவருப்புப் படாமல் அதைப் பற்றிக்கொண்டாள். அவர் விரல்கள் அவள் கையைச் சுற்றி மூடின. அவள் அண்ணனைப் பார்த்துத் திரும்பினாள்.

"ஏ தம்பி. கயித்தை இழுத்தது நீதானாம், ஊர்ல சொல்லுதாவ. அன்னைக்கு இழுத்த மாதிரி இழு."

"வேண்டாம் ஆச்சி."

"எம் மகளுக்கு இழுத்தேல்ல. எனக்கு இழுக்க மாட்டியோ? இழுலே. யாரு விடுதான்னு பாக்கேன்."

பூசை முடிந்த கூட்டம் சுற்றி நின்றுவிட்டது. ஒருவரும் தடுக்கவில்லை. "இழுத்துத்தான் பாரேம்ல" என்று பின்னாலிருந்து ஒரு குரல், வேடிக்கையாக. அண்ணன் என்னைப் பார்த்தான். அதே பார்வை, கிட்டங்கி வாசலில் பார்த்த பார்வை. இந்த முறை தீ இல்லை, சத்தம் இல்லை. கத்தியது நான்தான் என்று நான்கு பேருக்குக் கேட்கும்படி சொல்ல ஒரு மூச்சு போதும். என் கணவர் பத்துப் பாகத்தில் பிடிக்கும் மூச்சை விடவும் நீளமாக நான் என் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

அண்ணன் இழுத்தான்.

கிழவி ஓரடி இழுபட்டாள். இரண்டடி. முழங்கால் மண்ணில் பட்டது. சேலை கிழிந்தது. விடவில்லை. அவரும் விடவில்லை. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு இழுத்தான். கிழவியின் கை எலும்பு பிசகுகிற மாதிரி முறுக்கேறியது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சத்தமில்லாமல் தொங்கினாள், கயிற்றில் தொங்குகிற பிள்ளை போல. அப்போது என் கணவர் அவள் முகத்தைப் பார்த்தார். பார்த்தபடியே விரல்களைத் திறந்தார். ஒன்று. பிறகு ஒன்று. பிறகு எல்லாம். வழுக்கவில்லை, பிய்த்துக்கொண்டு போகவில்லை. திறந்தார். நான் பார்த்தேன்.

கிழவி மண்ணில் உட்கார்ந்திருந்தாள். தன் வெறும் கையைப் பார்த்தாள்.

"அப்ப நீதான் விட்டே."

"ஆமா ஆச்சி. நான்தான் விட்டேன்."

"எம் மக விடல."

"விடல ஆச்சி."

அவள் எழுந்து சேலையைத் தட்டினாள். பெட்டியை எடுத்து இடுக்கிக்கொண்டாள். "நல்லா இரு" என்றாள் அவரைப் பார்த்து. "நூறு வருசம் இரு. இந்தக் கையோட இரு." பிறகு எங்கள் தெருவுக்கு வரவேயில்லை.

அவர் இடுப்புக் கயிற்றைத் தானே அவிழ்த்தார், அந்த வலது கையால். நேராக நடந்து வீட்டுக்குள் போனார். இலை போட்டதும் வலது கையால் பிசைந்து சாப்பிட்டார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்கு அவர் அந்தக் கிழவிக்காகப் பொய் சொன்னாரா, அல்லது உள்ளே உண்மையிலேயே கை திறந்துவிட்டிருந்ததா என்று எனக்குத் தெரியாது. சொன்னதை அவர் நம்பிவிட்டார் என்பது மட்டும் தெரியும். நான்தான் விட்டேன் என்று ஒரு பதில் கிடைத்ததும் அவருக்குக் கையும் கதவும் திறந்துகொண்டன. கார்த்திகையில் கடலுக்குப் போனார். இன்றைக்கும் இருக்கிறார். கிழவியின் வாக்கு அப்படி. அவருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். அண்ணனுக்கு வாசிக்கத் தெரியும். அவன் இப்போது உயிரோடு இல்லை.

அவர் கையை விட்டபோது கயிற்றோடு பின்னால் சாய்ந்து விழுந்த அண்ணன், எழுந்து, கயிற்றைத் தெருவிலேயே போட்டுவிட்டுப் போனான். சுருட்டி எடுத்து வந்தது நான். சங்கு குளி தொடங்கியபோது அவன் தோணிக்கு வரவில்லை. ஒன்றுவிட்ட முறையில் ஒருவன் கயிறு பிடித்தான். "மச்சானுக்குக் கை செத்துப்போச்சு" என்று ஊரில் சொன்னார்கள். கேலியாகச் சொன்னார்கள், பிறகு அதையும் மறந்தார்கள். என் கணவரும் அவனைத் தேடவில்லை. இழுப்பு வந்ததாகச் சொன்னவனிடம் பேச அவருக்கு என்ன இருக்கிறது? தீக்குள் போனவருக்கு மாலை போட்டார்கள், டாக்டரிடம் காட்டினோம், கயிறு கட்டினோம். வாசலில் நின்றவனுக்கு என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவள் ஒருத்திதான்.

உப்பளத்தில் வேலைக்குப் போய்விட்டான். அங்கே உப்பு வார மரப்பலகைதான், கயிறு கிடையாது. கயிறு என்ற எதையும் அவன் தொடுவதில்லை என்று கேள்விப்பட்டேன். கட்டில் கயிறு இறுக்க மாட்டானாம். கிணற்றடியில் யாராவது பெண்கள் வந்து இறைத்து ஊற்றும்வரை காத்து நிற்பானாம்.

பங்குனி உச்சிவெயிலில் ஒருநாள் எங்கள் முற்றத்தில் வந்து நின்றான். கால் முழங்கால் வரைக்கும் உப்புப் பூத்து வெளுத்திருந்தது. உதடு வெடித்திருந்தது. உள்ளங்கையை மறைத்துக்கொண்டு நின்றான்.

"ஏளா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடேன்."

உள்ளே குடத்தில் தண்ணீர் இருந்தது. அன்று காலையில்தான் நிறைத்திருந்தேன். அவன் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் கிட்டங்கி வாசலில் என் குரல் எனக்குக் கேட்கும். உலகத்தில் அதைக் கேட்ட காது இன்னொன்று அவனிடம்தான் இருந்தது. அது என் முற்றத்தில் வந்து நிற்கக் கூடாது என்று நினைத்தேன். வேறு ஒன்றும் நினைக்கவில்லை.

"கெணத்துல கயிறு கெடக்குல்லா. எறச்சுக் குடி" என்றேன்.

அவன் கிணற்றைப் பார்த்தான். உருளையில் தொங்கியது அதே நார்க் கயிறு. நல்ல கயிறு, வீணாகப் போக வேண்டாம் என்று நான்தான் வாளிக்குக் கட்டியிருந்தேன். அவன் போட்ட முடிச்சுகள் அப்படியே இருந்தன. பக்கத்தில் போனான். கையை நீட்டினான். கை நடுவழியில் நின்றது. நான் முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

கையைத் திரும்ப எடுத்துக்கொண்டான்.

"நான் யார்ட்டயும் சொல்லலளா. சொல்லவும் மாட்டேன். அதுக்குப் பயந்துக்கிடாத."

"எதை?" என்றேன், முறத்திலிருந்து தலையெடுக்காமல்.

பிறகு போனான். படலைத் திறந்து, மறுபடி ஒழுங்காகச் சாத்திவிட்டுப் போனான்.

உள்ளேயிருந்து என் கணவர் கேட்டார். "யாரளா வந்தது?"

"யாருமில்ல" என்றேன்.

கிணற்றடி வரைக்கும் வந்து திரும்பிய காலடிகள் உப்பில் வெள்ளை வெள்ளையாகப் பதிந்திருந்தன. முறத்தை வைத்துவிட்டு எழுந்து, வாளியை விட்டு, அந்தக் கயிற்றை இழுத்து, இரண்டு வாளித் தண்ணீர் இறைத்துக் கழுவிவிட்டேன்.